துடைப்பம் விற்ற பையனின் கையெழுத்து



காலை 8.45-க்கு முதல் ஹவர். மெஸ்ல பொங்கல் தீர்ந்துபோச்சு, இல்லைன்னா வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. இந்த மாதிரி நாள்ல நம்ம கை தானா எதைத் தேடும்? ஹாஸ்டல் அலமாரி மேல இருக்கிற கார்ன் ஃப்ளேக்ஸ் டப்பாவைத்தான். கிண்ணத்துல கொட்டு, பாலை ஊத்து, ஸ்பூனைப் போடு, அவ்வளவுதான். இதுக்குப் பேரு சீரியலாம். ஊருக்குப் போன் பண்ணி, காலையில சீரியல் சாப்பிட்டேன்னு சொன்னா, எங்க பாட்டி அது எந்த சேனல்ல வருதுன்னு கேக்கறாங்க!

அந்த டப்பா மேல சிவப்பு எழுத்துல, கையால கிறுக்கினது போல ஒரு பேர் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அது யாரோ ஒரு டிசைனர் வரைஞ்ச எழுத்து இல்லை. உண்மையாவே ஒரு மனிதர் போட்ட கையெழுத்திலிருந்து வந்தது. அவர் பெயர் வில் கீத் கெல்லாக். இந்த இதழில் அவர் கதையைத்தான் பார்க்கப் போறோம். இது ஒரு டப்பா உணவின் கதை மட்டும் இல்லை. குழந்தைகளிடம் பொருள் விற்றுச் சம்பாதித்து, அந்தப் பணத்தைக் குழந்தைகளுக்கே எழுதி வைத்த ஒருவரின் கதையும் கூட.

கரும்பலகை தெரியாத மாணவன்

வில் கெல்லாக் 1860 ஏப்ரல் 7-ஆம் தேதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பேட்டில் கிரீக் என்ற ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம். அப்பா துடைப்பம் செய்து விற்பவர். செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம் அது. மது, புகையிலை, இறைச்சி எல்லாம் உடம்புக்கு ஆகாது என்று கண்டிப்பாக இருந்த சபை.

வகுப்பில் வில்லை மந்தமான பையன் என்றுதான் நினைத்தார்கள். விஷயம் என்னன்னா, அவருக்குக் கிட்டப்பார்வை. பலகையில் எழுதியது எதுவும் தெரியவில்லை. அது தெரிய வந்தபோது அவருக்கு வயசு இருபதை எட்டிவிட்டது. அதற்குள் படிப்பு எப்பவோ நின்றுபோய், பதினான்கு வயசு வாக்கிலேயே ஊர் ஊராகத் துடைப்பம் விற்கக் கிளம்பிவிட்டார். 1879-இல் டெக்சாஸ் போய் ஒரு துடைப்பத் தொழிற்சாலையை நடத்த உதவினார். திரும்பி வந்து கலமசூ நகரில் ஒரு வணிகப் பள்ளியில் கணக்கு எழுதும் படிப்பைச் சில மாதங்களில் முடித்தார். அவர் வாழ்க்கையில் வாங்கிய பட்டம், டிகிரி எல்லாமே அதுதான்.

அண்ணன் டாக்டர், தம்பி எடுபிடி

வில்லுக்கு எட்டு வயது மூத்த அண்ணன் ஜான் ஹார்வி கெல்லாக். ஊரே கொண்டாடிய டாக்டர். பேட்டில் கிரீக் சானிடேரியம் என்ற பிரம்மாண்டமான உடல்நல இல்லத்தை 1876 முதல் நடத்தினார். தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு மாதிரி ஆட்கள் எல்லாம் வந்து தங்கிய இடம். அங்கே இறைச்சி கிடையாது, காபி கிடையாது. நார்ச்சத்து, உடற்பயிற்சி, தண்ணீர் சிகிச்சை இதெல்லாம்தான் மருந்து.

1880-இல் வில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த கால் நூற்றாண்டு அண்ணனுக்குக் கீழேதான். கணக்கு எழுதுவது, கடிதங்களுக்குப் பதில் போடுவது, சரக்கு வாங்குவது, நோயாளிகளின் குறை கேட்பது, பார்சல் கட்டுவது எல்லாம் தம்பி தலையில். ஆனா மரியாதை? அண்ணன் சைக்கிளில் சுற்றிக்கொண்டே கட்டளை போடுவாராம், தம்பி நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் ஓடிக்கொண்டே குறிப்பெடுப்பாராம். சம்பளமும் சொற்பம். நம்ம ஊர்க் கூட்டுக் குடும்பக் கதைகளில் வருகிற, மூத்தவர் நிழலில் முளைக்காமல் போன தம்பி மாதிரியே இருக்கு இல்லையா?

ஒரு மறதி, ஒரு கண்டுபிடிப்பு

1894. நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கிற, மெல்லச் சுலபமான ஒரு தானிய உணவு வேண்டும் என்று அண்ணன் தம்பி இருவரும் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். கோதுமையை வேகவைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால் தகடு மாதிரி வரும் என்பது திட்டம். வந்ததோ பிசுபிசு என்று ஒட்டிக்கொண்ட மாவு. ஒருநாள் வெந்த கோதுமையை அப்படியே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது அது பழசாகிவிட்டது. சரி, வீணாக்க வேண்டாமே என்று உருளையில் விட்டால், ஒவ்வொரு மணியும் தனித்தனி மெல்லிய இதழாக விழுந்தது. சூளையில் வாட்டியதும் மொறுமொறு!

இங்கே நம்ம பாடத்துக்குள்ள கொஞ்சம் போயிட்டு வருவோம். டெம்பரிங் என்றால் மெக்கானிக்கல் பசங்களுக்கு எஃகு ஞாபகம் வரும். உணவுத் தொழிலிலும் அதே பேரில் ஒரு வேலை உண்டு. வெந்த தானியத்தில் வெளிப்பக்கம் ஒரு ஈரம், உள்ளே ஒரு ஈரம் இருக்கும். அதைச் சில மணி நேரம் சும்மா வைத்தால் ஈரம் மணி முழுக்கச் சமமாகப் பரவும், வெந்த மாவுச்சத்தும் கொஞ்சம் இறுகும். அதற்கப்புறம் அழுத்தினால் மணி நசுங்கிக் கூழாகாமல் இதழாக விரியும். மறந்து வைத்தது என்று சொல்கிற அந்த இடைவெளிதான் இன்றைக்கும் ஃப்ளேக்ஸ் தொழிற்சாலைகளில் கணக்குப் போட்டு வைக்கிற ஒரு கட்டம். மறதி எல்லாருக்கும் வரும். மறந்தது ஏன் நன்றாக வந்தது என்று உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. அந்த உட்கார்ந்து பார்க்கிற வேலையில் வில் கெட்டிக்காரர்.

காப்புரிமை 1896-இல் கிடைத்தது, அண்ணன் பெயரில் மட்டும்! யார் கண்டுபிடித்தது என்ற சண்டை இருவர் சாகும் வரை தீரவில்லை.

1898 வாக்கில் வில் கோதுமையை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறினார். அதில்தான் கார்ன் ஃப்ளேக்ஸ் பிறந்தது. ஆனால் சோளத்தில் ஒரு சிக்கல். அதன் முளைக்கரு எண்ணெய் நிறைந்தது, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். அதனால் முளைக்கருவையும் தோலையும் நீக்கிவிட்டு நடுவில் இருக்கிற மாவுப் பகுதியை மட்டும் எடுப்பார்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், ருசியும் கூடும். ஆனா நார்ச்சத்தும், நல்ல கொழுப்பும், வைட்டமின்களில் பெரும் பங்கும் அந்த நீக்கிய பகுதியோடு போய்விடும். டப்பாவில் பிற்பாடு சேர்க்கப்பட்ட வைட்டமின், இரும்புச் சத்து என்று நீளமாகப் பட்டியல் போடுவதன் பின்னணி இதுதான். முதலில் எடுத்துவிட்டு, பிறகு சிலதை மட்டும் திருப்பித் தருகிறார்கள்.

சர்க்கரையில் உடைந்த உறவு

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. சி. டபிள்யூ. போஸ்ட் என்று ஒருவர் 1891-இல் சானிடேரியத்துக்கு நோயாளியாக வந்தார். வெளியே போனதும் அதே ஊரில் 1895-இல் காபிக்கு மாற்றாக ஒரு தானிய பானம், 1897-இல் கிரேப் நட்ஸ் என்ற காலை உணவு என்று சந்தைக்குக் கொண்டுவந்து, விளம்பரத்தால் பெரும் பணக்காரர் ஆனார். அவரைப் பார்த்து பேட்டில் கிரீக்கில் டஜன் கணக்கில் சீரியல் கம்பெனிகள் முளைத்தன. வில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கோ வியாபாரத்தில் இறங்கினால் டாக்டர் என்ற மரியாதை கெட்டுவிடும் என்ற தயக்கம்.

1902-இல் சானிடேரியம் தீயில் எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டியெழுப்ப ஓடியாடியவர்களில் முதல் ஆள் வில். அந்த வேலை முடிந்ததும்தான் தனியே போக முடிவெடுத்தார். 1906 பிப்ரவரியில் தன் சோளக் கம்பெனியைத் தொடங்கியபோது அவருக்கு 46 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 22 வயசுல பிளேஸ்மென்ட் கிடைக்கலைன்னு வாழ்க்கையே முடிஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கிற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.

ருசிக்காக அவர் சோளத்தில் மால்ட், உப்பு, சர்க்கரை சேர்த்தார். அளவு கொஞ்சம்தான். ஆனால் அண்ணனுக்குச் சர்க்கரை என்றாலே விஷம். நோயாளிக்கான உணவைத் தின்பண்டமாக்கிவிட்டான் தம்பி என்று கோபம். தம்பியின் கணக்கு வேறு. நோயாளிகள் சில ஆயிரம் பேர், காலையில் பசிக்கிறவர்கள் கோடிக்கணக்கில். அண்ணன் தன் பங்குகளில் ஒரு பகுதியைச் சானிடேரியம் டாக்டர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கொடுத்திருந்தார். வில் அவற்றைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்துக் கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். பிறகு கெல்லாக் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் பல வருஷம் வழக்கு. 1920-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் தம்பி ஜெயித்தார். ஒரே ஊர், ஒரே குடும்பம். பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

சிரிக்கிற பையன், அழுகிற பையன்

வில்லின் உண்மையான திறமை அடுப்பில் இல்லை, விளம்பரத்தில்தான். 1906-இல் கையிலிருந்த பணத்தில் பெரும் பங்கைப் போட்டு ஒரு பெண்கள் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். 1907-இல் நியூயார்க் பெண்களிடம், ஒரு குறிப்பிட்ட நாளில் மளிகைக்கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தால் ஒரு டப்பா இலவசம் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு துணிச்சல் என்று யோசிச்சுப் பாருங்க! அதே வருஷம் ஜூலை 4-இல் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. மனிதர் சளைக்கவில்லை. உடனே புதுக் கட்டடத்துக்கு ஏற்பாடு செய்தார். 1909-இல் ஆண்டு விற்பனை பத்து லட்சம் பெட்டிகளைத் தாண்டியது.

அதே 1909-இல்தான் குழந்தைகள் பக்கம் திரும்பினார். மிருகங்களின் தலை, உடம்பு, கால்களை மாற்றி மாற்றிப் புரட்டிச் சிரிக்கிற ஒரு சின்னப் படப் புத்தகம். இரண்டு டப்பா வாங்கினால் கடையிலேயே இலவசம். சீரியல் டப்பாவோடு பரிசு கொடுக்கும் வழக்கம் இங்கேதான் ஆரம்பித்தது. 1912-இல் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் அன்றைக்கு உலகத்திலேயே பெரிய மின்விளக்கு விளம்பரப் பலகைகளில் ஒன்றை வைத்தார். அதில் ஒரு பையன் முகம். சீரியல் வேண்டும் என்று அழும், கிடைத்ததும் சிரிக்கும். மாறி மாறி, ராத்திரி முழுக்க.

இந்தப் பலகையைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்று இருந்தது. இன்றைக்கு சூப்பர் மார்க்கெட்டில் தரையில் புரண்டு அழுகிற குழந்தையும், சங்கடத்தோடு டப்பாவை எடுத்துக் கூடையில் போடுகிற அப்பாவும் அந்தப் பலகையில் 1912-லேயே வந்துவிட்டார்கள். வாங்குவது பெரியவர், ஆனால் முடிவு செய்வது குழந்தை. இதை முதலில் புரிந்துகொண்ட வியாபாரிகளில் வில் ஒருவர். 1931-இல் ரேடியோவில் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லும் நிகழ்ச்சி, அதைத் தொடர்ந்து அரிசிப் பொரி சீரியலுக்குக் குட்டி பொம்மை மனிதர்கள் என்று அவர் கம்பெனி அதே பாதையில் போனது.

மந்த நிலையும் ஆறு மணி நேர வேலையும்

1929-இல் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்தது. மற்ற கம்பெனிகள் விளம்பரத்தைக் குறைத்தபோது இவர் கூட்டினார். இன்னொன்றும் செய்தார். 1930 டிசம்பரில் மூன்று ஷிஃப்டுக்குப் பதிலாக ஆறு மணி நேரம் வீதம் நான்கு ஷிஃப்ட். மணிக்கூலியையும் கொஞ்சம் உயர்த்தினார். வேலை இல்லாமல் தெருவில் நின்ற பலருக்கு ஊரில் வேலை கிடைத்தது. அந்தத் தொழிற்சாலையின் சில பிரிவுகளில் இந்த ஆறு மணி நேர முறை 1985 வரை நீடித்தது.

அதே 1930-இல் குழந்தைகள் நலனுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். காரணம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பேரன் ஒருவன் சின்ன வயசில் ஜன்னலிலிருந்து விழுந்து பலத்த காயம் அடைந்தான். கையில் அவ்வளவு பணம் இருந்தும் சரியான சிகிச்சை தேட அவர் திண்டாட வேண்டியிருந்தது. எனக்கே இப்படி என்றால் இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி அவரை விடவில்லை. தன் கம்பெனிப் பங்குகள் உட்பட 6 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். மிச்சிகனின் ஏழு கிராமப்புற மாவட்டங்களில் டாக்டர், பல் சிகிச்சை, பள்ளிக்கூடம் என்று அந்தப் பணம் போனது. ஊனமுற்ற குழந்தைகளும் மற்ற குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ் படிக்க, அம்மா பெயரில் பேட்டில் கிரீக்கில் பள்ளி கட்டினார். கலிஃபோர்னியாவில் அவர் வைத்திருந்த அரேபியக் குதிரைப் பண்ணை பிற்பாடு கால் பாலி பொமோனா என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. அங்கே இன்றைக்கும் நம்மைப் போல இன்ஜினியரிங் பசங்க படிக்கிறாங்க.

ஆனா வீட்டுக்குள்? கம்பெனியில் தனக்கு வலது கையாக இருந்த மகனை 1925-இல் வெளியே அனுப்பினார். சிரிக்கத் தெரியாத மனிதர் என்றே பேர் வாங்கினார். குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் புத்தகத்தை லட்சக்கணக்கில் அச்சடித்தவர், தன் பிள்ளைகளிடம் அப்படிச் சிரித்துப் பேசவில்லை.

கடைசிப் பத்து ஆண்டுகளில் கண் நீர் அழுத்த நோயால் பார்வையே போய்விட்டது. சின்ன வயசில் பலகை தெரியாத பையனுக்குக் கடைசியில் எதுவுமே தெரியவில்லை. அண்ணன் 1943-இல் 91 வயதில் இறந்தார். இறப்பதற்கு முன் தம்பிக்குச் சமாதானமாக ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அது அனுப்பப்படாமலே கிடந்து, சில வருஷம் கழித்துத்தான் தம்பியிடம் வந்து சேர்ந்தது. யாரோ படித்துக் காட்டக் கேட்டிருப்பார். பதில் எழுத அண்ணன் இல்லை. 1951 அக்டோபர் 6-இல் வில்லும் அதே 91 வயதில் காலமானார்.

அவர் போன பிறகு

அடுத்த வருஷமே, 1952-இல், அவர் கம்பெனி சர்க்கரை பூசிய ஃப்ளேக்ஸை ஒரு புலிப் பொம்மையோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. 1953-இல் வந்த இன்னொரு சீரியலில் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரை! பேரிலேயே சர்க்கரை என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். சர்க்கரை கெட்ட பெயர் வாங்கிய 1980-களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் தேன் என்று போட்டார்கள். டப்பா உள்ளே பெரிசா ஒன்னும் மாறலை.

1970-இல் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் குழு முன் 60 சீரியல்களைத் தரவரிசைப்படுத்திக் காட்டினார். அதில் 40 வகைகளில் கலோரி தவிரச் சொல்லிக்கொள்ளும்படி சத்தில்லை என்றார். நாடே அதிர்ந்தது. கம்பெனிகள் அவசரமாக வைட்டமின் சேர்க்க ஆரம்பித்தன. அந்த சோட் டாக்டர் இல்லை, உணவு விஞ்ஞானியும் இல்லை. சிவில் இன்ஜினியர்! ஒரு அட்டவணையை நேர்மையாகப் போடத் தெரிந்தால் போதும், அது எந்தத் துறைக்கும் உதவும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

2016-இல் சிலி நாடு ஒரு படி மேலே போனது. சர்க்கரை அளவு மீறிய உணவுக்குக் கறுப்பு எச்சரிக்கை முத்திரை, டப்பாவில் குழந்தைகளை இழுக்கும் பொம்மைப் படத்துக்குத் தடை. புலி டப்பாவை விட்டு இறங்கியது. நம்ம நாட்டுக்கு இந்தக் கம்பெனி 1994-இல் வந்தது. சூடான பாலில் போட்டால் ஊறிக் கூழாகிற ஃப்ளேக்ஸை நம்ம ஆட்கள் முதலில் கண்டுகொள்ளவே இல்லை. இட்லி, பொங்கல், பரோட்டா என்று சூடாகச் சாப்பிட்டுப் பழகிய நாடாச்சே! ஆனாலும் மெதுவாக அலமாரியில் இடம் பிடித்துவிட்டது. 2025-இல் வில்லின் பெயர் தாங்கிய சீரியல் கம்பெனியை ஃபெரேரோ என்ற இத்தாலிய சாக்லேட் நிறுவனம் வாங்கியது. அண்ணன் டாக்டர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே யூகிச்சுக்குங்க.

வில் கெல்லாக் நல்லவரா, கெட்டவரா? நாயகன் படக் கேள்வி மாதிரி ஆயிடும். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அவர் போட்ட சர்க்கரை கொஞ்சம். ஆனால் குழந்தையைக் காட்டிக் குழந்தைக்கே விற்கலாம் என்ற பாதையைப் போட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பாதை போட்டவர் நிறுத்திய இடத்தில் பின்னால் வந்தவர்கள் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாளைக்கு நாமும் ஏதோ ஒரு ஆப், ஏதோ ஒரு விளையாட்டு, ஏதோ ஒரு பொருள் செய்யப் போகிறவர்கள்தானே. அழுகிற பையனைப் பலகையில் ஏற்றும்போது அவன் நூறு வருஷம் அங்கேயே அழுதுகொண்டிருப்பான் என்பதை யோசிக்கணும்.

கடைசியா ஒரு சின்ன வீட்டுப்பாடம். இன்னைக்கு ராத்திரி உங்க ரூம்ல இருக்கிற டப்பாவைத் திருப்பிப் பாருங்க. முன்பக்கத்தை விட்டுடுங்க, அது வில்லோட இடம். பின்பக்கம் சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையா இருக்கும். சர்க்கரை எத்தனாவது இடத்துல இருக்கு? 100 கிராமுக்குச் சர்க்கரை எத்தனை கிராம்? அதை நாலால வகுத்தா எத்தனை டீஸ்பூன்னு தெரிஞ்சிடும். அப்புறம் நீங்க கொட்டிக்கிற கிண்ணம் உண்மையில 30 கிராம்தானா, இல்லை 60-ஆ? மெஸ் தராசுல ஒரு தடவை வெச்சுப் பாருங்க.

வீட்டுல தம்பி, தங்கச்சி, அக்கா குழந்தைன்னு யாராவது இருந்தா, இந்தக் கணக்கை அவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க. புலியை ரசிக்கட்டும், பரிசைச் சேர்க்கட்டும், தப்பில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்க்கவும் கத்துக்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம். அதுவரைக்கும் காலைல மெஸ்ஸுக்குக் கொஞ்சம் சீக்கிரம் போங்க. பொங்கல் சூடா இருக்கும்!